ஓடுபாதை முனையில் சில நொடிகள்

பொழிச்சலூரில் குடியிருப்பவர்களுக்கு விமானச் சத்தம் பழகிப்போன ஒன்று. கிழக்கிலிருந்து காற்று வீசும் நாட்களில் மீனம்பாக்கத்து விமானங்கள் எங்கள் பக்கத்து முனைக்கு வந்து, திரும்பி நின்று, கடலைப் பார்த்து ஓடத் தொடங்கும். ஊரிலிருந்து யாராவது வந்து தங்கினால் முதல் நாள் இரவு அவர்களுக்குத் தூக்கம் வராது. எங்களுக்கோ அந்தச் சத்தம் நின்றுபோனால்தான் என்னவோ ஏதோ என்று இருக்கும். 2015 டிசம்பர் வெள்ளத்தில் அடையாறு பெருகி விமான நிலையத்தை மூடியிருந்த நாட்களில் அப்படித்தான் இருந்தது.

அந்தச் சத்தத்தைக் காது கொடுத்துக் கேட்டால் ஒரு விஷயம் பிடிபடும். அது ஒரே மூச்சில் ஏறாது. முதலில் ஒரு முனகல் எழும். பாதியில் ஏறாமல் இறங்காமல் இரண்டு மூன்று நொடி நிற்கும். அப்புறம்தான் ஜன்னல் கண்ணாடி அதிரும் அந்த முழு இரைச்சல் வரும். இந்த நடு நிறுத்தம் எதற்கு என்பதைப் பற்றித்தான் எழுத நினைத்தேன். அதைத் தொட்டதும் பேச்சு வேறு எங்கெங்கோ போய், விமானப் பயணத்தில் எனக்கு மிக முக்கியமாகப் படுகிற ஓர் இடத்தில் வந்து நின்றது.

பிரேக்கை அழுத்திப் பிடித்துக்கொண்டு என்ஜினை முழு விசைக்கு ஏற்றிவிட்டு, பிறகு பிரேக்கை விட்டால் விமானம் சீறிக்கொண்டு கிளம்பும் என்பது பொதுவாகப் பலரும் மனதில் வைத்திருக்கும் படம். என் அக்கா மகன் ஏர்பஸ் ஏ320 விமானத்தில் கோ-பைலட். லீவில் வந்தால் மொட்டை மாடியில் உட்கார்ந்து அவனிடம் கேள்வி கேட்பது எனக்குப் பிடித்தமான வேலை.

"அப்படி நின்னுக்கிட்டே முழு த்ரஸ்ட் கொடுக்கிறது ரொம்ப அபூர்வம் மாமா. பெரும்பாலும் பிரேக்கை விட்டுட்டுத்தான் லீவரையே தள்ளுவோம். நிறைய நேரம் டாக்ஸிவேயிலிருந்து ரன்வேக்குள்ள திரும்பி, நிக்காம அப்படியே உருண்டுக்கிட்டே கிளம்பிடுவோம்" என்றான். த்ரஸ்ட் என்றால் என்ஜின் விமானத்தை முன்னே தள்ளும் விசை. அதைக் கூட்டவும் குறைக்கவும் பைலட் பிடிக்கும் கைப்பிடிதான் லீவர்.

போயிங் 737 விமானத்துக்கும் இதேதான். நின்று கிளம்புவது, உருண்டபடியே கிளம்புவது இரண்டுமே அனுமதிக்கப்பட்டவை. இரண்டாவதைத்தான் போயிங் விரும்பிப் பரிந்துரைக்கிறது. ஐட்லிங்கை, அதாவது என்ஜின் சும்மா ஓடும் குறைந்தபட்ச நிலையைத் தாண்டிய விசையில் பிரேக்கைப் பிடித்து வைத்திருப்பது அங்கே வழக்கமான செயல்முறையே கிடையாது.

சரி, அப்படியானால் நடுவில் ஏன் நிற்கிறது? காரணம் ஜெட் என்ஜினின் சுபாவம். முன்னால் தெரியும் பெரிய விசிறி, உள்ளே காற்றை அழுத்தும் கம்ப்ரெஸர், சூடான வாயு சுழற்றும் டர்பைன் எல்லாம் கனமான சுழலும் உலோகம். ஐட்லிங்கில் விசிறி தன் முழு வேகத்தில் ஐந்தில் ஒரு பங்கு அளவில்தான் சுற்றிக்கொண்டிருக்கும். அங்கிருந்து மேலே ஏறுவது மந்தமாகத்தான் நடக்கும். எரிபொருளை மொத்தமாகக் கொட்டி அவசரப்படுத்த முடியாது. கம்ப்ரெஸருக்குள் காற்றோட்டம் குலைந்து திணறிவிடும். ஆகவே கம்ப்யூட்டர் எரிபொருளை அளந்து அளந்துதான் கொடுக்கும். பாதி வேகத்தைத் தாண்டிவிட்டால் பிறகு சட்டென்று ஏறிவிடும்.

இந்த மந்தமான முதல் பகுதியில் இரண்டு என்ஜினும் ஒரே மாதிரி ஏறும் என்று சொல்ல முடியாது. ஒன்று புதியது, மற்றது பல ஆயிரம் மணி நேரம் ஓடியது என்று இருக்கலாம். லீவரை ஒரே தள்ளாக முன்னே தள்ளினால், இடது என்ஜின் முழு விசையைத் தொடும்போது வலது இன்னும் பாதியில் இருக்கலாம். நுகத்தில் பூட்டிய இரண்டு மாட்டில் ஒன்று மட்டும் முதலில் இழுத்தால் வண்டி எந்தப் பக்கம் திரும்புமோ, விமானமும் அந்தப் பக்கம்தான் திரும்பும். அந்த நேரத்தில் வேகம் குறைவாக இருப்பதால் வால் சுக்கானில் காற்று படாது. முன்சக்கரத்தை வைத்து மட்டும்தான் நேராக்க வேண்டும். ஓடுபாதை நனைந்திருந்தால் அந்த முன்சக்கரப் பிடியும் பாதிதான்.

அதனால்தான் இரண்டு கட்டம். ஏ320 என்றால் முதலில் விசிறியின் வேகத்தை 50 சதவீதம் வரை கொண்டுபோவார்கள். போயிங் 737 என்றால் சுமார் 40 சதவீதம். இந்த விசிறி வேகத்தைத்தான் பைலட்டுகள் என்-1 என்கிறார்கள். சில வகை என்ஜின்களில் இதற்குப் பதிலாக என்ஜினுக்குள் நுழையும் காற்றின் அழுத்தத்தையும் வெளியேறும் காற்றின் அழுத்தத்தையும் ஒப்பிடும் ஈ.பி.ஆர். என்ற அளவைப் பார்ப்பார்கள். அங்கே இரண்டு என்ஜினும் சமமாக வந்து நிற்கிறதா என்று பார்த்துவிட்டு, பிறகு லீவரைக் கிளம்பும் விசைக்குத் தள்ளுவார்கள். எங்கள் வீட்டில் கேட்கும் அந்த இரண்டு மூன்று நொடி இதுதான்.

ஏ320 லீவரைப் பற்றி அவன் சொன்னதைக் கேட்க எனக்குச் சந்தோஷமாக இருந்தது. அந்த லீவர் நகரும் பாதையில் சில இடங்களில் பள்ளம் மாதிரி வைத்திருப்பார்கள். லீவர் அதில் 'டக்' என்று விழுந்து உட்காரும். ஐட்லிங்கிலிருந்து முன்னே போனால் முதலில் மேலேறுவதற்கான நிலை, அடுத்து ஃப்ளெக்ஸ் (குறைத்த விசை, பின்னால் சொல்கிறேன்), கடைசியில் டோகா என்கிற முழு விசை. கண்ணை எடுக்காமலே கையில் உணரும் 'டக்'கை வைத்து எங்கே இருக்கிறோம் என்று தெரிந்துவிடும். லீவரை அந்த நிலையில் வைத்துவிட்டால் அது அங்கேயே இருக்கும்; விசிறி எந்த வேகத்தில் சுற்ற வேண்டும் என்பதைக் கம்ப்யூட்டர் பார்த்துக்கொள்ளும். போயிங்கில் வேறு மாதிரி. அங்கே ஒரு பொத்தானை அழுத்தினால் லீவர்கள் மோட்டாரில் தாமாகவே முன்னே நகரும். பைலட்டின் கை அதன் மேல் கூடவே போகும். 737 விமானத்தில் 84 நாட், அதாவது மணிக்கு சுமார் 155 கிலோமீட்டர் வேகத்தில் அந்த மோட்டாருக்குப் போகும் மின்சாரம் துண்டிக்கப்பட்டுவிடும். கிளம்பும் ஓட்டத்தின் நடுவில் ஏதோ ஒரு கோளாறால் லீவர் தானே பின்னால் வந்துவிடக் கூடாது என்பதற்காக இந்த ஏற்பாடு.

பிரேக்கைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். பார்க்கிங் பிரேக் போட்டபடி கிளம்பும் விசைக்கு லீவரைத் தள்ளினால் உடனே எச்சரிக்கை அலறும். ஓடுபாதை முனையில் நிற்கும்போது விமானத்தைப் பிடித்திருப்பது பைலட்டின் கால் விரல்கள்தான். சுக்கான் மிதியின் மேல்பகுதியை அழுத்தினால் பிரேக். கீழ்ப்பகுதியைத் தள்ளினால் திசை. காலைக் கீழே இறக்கி வைத்துக்கொள் என்பது பயிற்சியில் திரும்பத் திரும்பச் சொல்லப்படுவது. ஓட்டத்தில் திசை திருத்தும்போது தெரியாமல் விரல் பட்டு பிரேக் பிடித்துவிட்டால், வேகம் ஏறாமல் ஓடுபாதை தீர்ந்துபோகும்.

நின்றுகொண்டே முழு விசை ஏற்றுவதில் வேறு தொந்தரவுகளும் உண்டு. நவம்பர் மழையில் ஒருமுறை இறக்கைக்கு முன்னால் ஜன்னல் சீட் கிடைத்தது. விமானம் ஓடுபாதையில் திரும்பி நின்று விசை ஏறத் தொடங்கியதும், நனைந்த தரையிலிருந்து என்ஜினின் வாய்க்குள் வெள்ளைக் கயிறு ஒன்று முறுக்கிக்கொண்டு எழுந்தது. விரல் தடிமன்தான் இருக்கும். தரையில் அதன் கால் இப்படியும் அப்படியும் துழாவியது. விமானம் நகர்ந்து கொஞ்சம் வேகம் பிடித்ததும் அறுந்து காணாமல் போய்விட்டது. தரைக்கும் என்ஜின் வாய்க்கும் நடுவே உண்டாகும் சுழல் அது. ஈரக் காற்றில் கண்ணுக்குத் தெரிகிறது. வெயில் நாளில் தெரியாது, ஆனால் இருக்கும். நின்ற இடத்தில் விசை ஏற்றினால் அந்தச் சுழல் தரையில் கிடக்கும் கல், ஆணி, ஓடுபாதையில் பெயர்ந்த துண்டு எதையும் தூக்கி உள்ளே எறியும். விமானம் முன்னே நகர்ந்தால் எதிர்க்காற்று சுழலைக் கலைத்துவிடுகிறது. உருண்டபடியே கிளம்புவதை விரும்புவதற்கு இது ஒரு வலுவான காரணம்.

இன்னொன்று நேரம். காலை நெரிசலில் சென்னையில் ஒரு விமானம் இறங்க, ஒன்று கிளம்ப என்று ஒரே ஓடுபாதையில் மாறி மாறி நடக்கும். பின்னால் ஒன்று இறங்க வந்துகொண்டிருக்கும்போது முனையில் நின்று நிதானமாக விசை ஏற்றிக்கொண்டிருக்க முடியாது. தவிர, குறைந்த எடையில் இருக்கும் விமானத்தில் முழு விசையை பிரேக்கால் பிடித்து வைத்தால், சக்கரம் சுற்றாமலே டயர் தரையில் இழுபடக்கூடும்.

ஆனால் நின்று கிளம்ப வேண்டிய இடங்களும் இருக்கின்றன. லண்டன் சிட்டி விமான நிலையத்தின் ஓடுபாதை 1,508 மீட்டர்தான்; அங்கே பிரேக்கை அழுத்தி விசையை ஏற்றிக்கொண்டுதான் ஜெட் விமானங்கள் கிளம்புகின்றன. நம் தூத்துக்குடியில் ஓடுபாதை 1,350 மீட்டராக இருந்த காலத்தில் சென்னையிலிருந்து ஏ.டி.ஆர். மாதிரி புரொப்பெல்லர் வைத்த சிறிய விமானங்கள்தான் போய்வந்தன. இப்போது அங்கே நீளமான ஓடுபாதை வந்துவிட்டது. லட்சத்தீவின் அகத்தியில் இன்றும் சுமார் 1,200 மீட்டர்தான், இரண்டு பக்கமும் கடல். இப்படிப்பட்ட இடங்களில் விசை ஏறுவதற்குள் உருண்டு தீரும் ஒவ்வொரு மீட்டருக்கும் கணக்கு இருக்கிறது. பனி பெய்யும் ஊர்களில் வேறு காரணம்: விசிறி இதழ்களில் பனிக்கட்டி படிந்திருந்தால், கிளம்பும் முன் நின்ற இடத்தில் விசையை ஏற்றி அதை உதறித் தள்ளி, என்ஜின் சீராக ஓடுகிறதா என்று பார்த்துக்கொள்வார்கள். சென்னையில் அந்தக் கவலை இல்லை. சென்னையின் கவலை நேர் எதிரானது, வெயில்.

இதுவரை சொன்னது விசையை எப்படி ஏற்றுவது என்பது. எவ்வளவு ஏற்றுவது என்பதில்தான் விஷயமே இருக்கிறது.

பயணிகளில் பலருக்குத் தெரியாத செய்தி: சாதாரணமாக ஒரு விமானம் தன் முழு விசையில் கிளம்புவதில்லை. எடை, ஓடுபாதையின் நீளம், காற்று, வெப்பம், சுற்றியுள்ள குன்றுகள் எல்லாவற்றையும் போட்டுக் கணக்குப் பார்த்தால், பெரும்பாலான நாட்களில் முழு விசை தேவைப்படாது. அப்போது குறைந்த விசையில் கிளம்புவார்கள். 25 சதவீதம் வரை குறைக்கலாம் என்பது விதி. அதைக் குறைக்கும் வழி விசித்திரமானது. வெளியே 31 டிகிரி என்றால், என்ஜின் கம்ப்யூட்டரிடம் 'இன்று 56 டிகிரி என்று வைத்துக்கொள்' என்று ஒரு கற்பனை வெப்பநிலையைக் கொடுப்பார்கள். அவ்வளவு சூடான காற்றில் எவ்வளவு விசை கிடைக்குமோ அந்த அளவுக்கு என்ஜின் தன்னைக் குறைத்துக்கொள்ளும். ஏர்பஸ்காரர்கள் இதை ஃப்ளெக்ஸ் என்பார்கள். மேலே சொன்ன லீவரின் நடுப் பள்ளம் இதற்குத்தான்.

குறைத்த விசை என்றதும் பயப்பட வேண்டியதில்லை. அந்தக் குறைத்த விசையிலேயே, மிக மோசமான தருணத்தில் ஒரு என்ஜின் நின்றுபோனாலும் மிச்ச ஓடுபாதைக்குள் நிற்கவோ மற்றொரு என்ஜினில் மேலேறவோ முடியும் என்று உறுதி செய்த பிறகுதான் அந்த எண்ணை எடுக்கிறார்கள். நிஜக் காற்று கற்பனைக் காற்றைவிடக் குளிர்ந்தது, அடர்த்தியானது என்பதால் கணக்குக்கு மேலேயே கொஞ்சம் கைவசம் இருக்கும். வேண்டுமென்றால் லீவரை முன்னே தள்ளினால் முழு விசையும் வந்துவிடும். பதிலுக்குக் கிடைப்பது என்ஜினின் ஆயுள். டர்பைன் இதழ்கள் படும் வெப்பத்தில் சில பத்து டிகிரி குறைந்தாலே தேய்மானம் கணிசமாகக் குறைகிறது. தேயாத என்ஜின் பழுதாகும் வாய்ப்பும் குறைவு. ஆகவே இது காசுக்காக மட்டும் செய்யப்படுவது என்று நான் நினைக்கவில்லை.

இங்கேதான் நம் ஊர் கத்திரி வெயில் குறுக்கே வருகிறது. பல ஜெட் என்ஜின்கள் கடல்மட்டத்தில் 30 டிகிரி வாக்கில் வரை தங்கள் முழு விசையைக் கொடுக்கும். அதற்கு மேல் வெயில் ஏற ஏற, உள்ளே வெப்பம் எல்லை தாண்டிவிடாமல் இருக்க விசையைக் குறைத்துக்கொண்டே வரும். சென்னையில் மே மாதப் பகலில் 40 டிகிரி சாதாரணம். 2003 மே 31 அன்று 45 டிகிரி தொட்டது. அப்படிப்பட்ட மதியத்தில் என்ஜினால் கொடுக்க முடிவதே குறைவு. சூடான காற்றில் இறக்கைக்குத் தூக்கும் சக்தி கிடைக்க ஓட வேண்டிய தூரமும் கூடுதல். கற்பனை வெப்பநிலைக்கும் நிஜ வெப்பநிலைக்கும் இடையே இருக்கும் சந்து சுருங்கிவிடும். வளைகுடாவுக்குப் போகும் நிறைசுமை விமானத்துக்குச் சில நேரம் ஃப்ளெக்ஸே கிடைக்காது, டோகாதான். ஆனாலும் சென்னைக்கு ஒரு கொடுப்பினை இருக்கிறது. விமான நிலையம் கடல்மட்டத்திலிருந்து 16 மீட்டர் உயரத்தில்தான். முதன்மை ஓடுபாதை ஏறத்தாழ 3,650 மீட்டர். பெங்களூரு 900 மீட்டருக்கு மேல் உட்கார்ந்திருக்கிறது. வெயில் குறைவு என்றாலும் காற்று மெலிந்தது.

மழைக்காலத்தில் இன்னொரு விதி. ஓடுபாதை வெறுமனே நனைந்திருந்தால் குறைத்த விசையில் கிளம்பலாம். தண்ணீர் தேங்கி நின்றால் கூடாது. ஐப்பசி, கார்த்திகையில் கொட்டித் தீர்த்த பிறகு கிளம்பும் விமானத்தின் சத்தம் வழக்கத்தைவிடப் பலமாகக் கேட்டால் இதுவும் காரணமாக இருக்கலாம்.

ஆக, லீவர் சரியான பள்ளத்தில் விழுந்துவிட்டது. இரண்டு என்ஜினும் சமமாக ஏறிவிட்டன. பக்கத்து சீட்டில் இருப்பவர் திரையில் என்-1 எண்ணைப் பார்க்கிறார். கணக்கில் வந்த எண்ணும் என்ஜின் காட்டும் எண்ணும் ஒன்றாக இருந்தால் "த்ரஸ்ட் செட்" என்று உரக்கச் சொல்கிறார். ஏ320 விமானத்தில் 80 நாட், அதாவது மணிக்கு சுமார் 150 கிலோமீட்டர் வேகத்தைத் தொடுவதற்குள் இது முடிந்திருக்க வேண்டும். அதற்கு மேல் கண் வெளியே இருக்க வேண்டும்.

அவன் இதைச் சொன்னபோது எனக்கு ஒரு கேள்வி வந்தது. "எண்ணும் எண்ணும் ஒத்துப்போகுது, சரி. அந்த எண்ணே தப்பா இருந்தா?"

அவன் உடனே பதில் சொல்லவில்லை. பிறகு, "அதுதான் மாமா எங்க எல்லாருக்கும் இருக்கிற பயம்" என்றான்.

2009 மார்ச் 20. மெல்போர்னிலிருந்து துபாய்க்கு எமிரேட்ஸின் ஏ340 விமானம். எடை 362 டன். கணக்கிடும் கருவியில் 262 என்று பதிவானது. ஒரே ஓர் இலக்கம். நூறு டன் குறைவான விமானத்துக்கு எவ்வளவு விசை போதுமோ அவ்வளவையே கருவி கொடுத்தது. தூக்க வேண்டிய வேகத்தையும் குறைத்துச் சொன்னது. விமானிகள் கருவி கொடுத்த விசையை அப்படியே வைத்தார்கள். மூக்கைத் தூக்கியபோது விமானம் எழவில்லை. வால் தரையில் உரசியது. கேப்டன் முழு விசைக்குத் தள்ளினார். ஓடுபாதை தாண்டி, முனையில் இருந்த ஆண்டெனாவை இடித்துக்கொண்டு மேலேறி, சுற்றி வந்து பத்திரமாக இறங்கியது. 275 பேரும் பிழைத்தார்கள். அந்த ஓடுபாதையும் நம் சென்னை ஓடுபாதையும் கிட்டத்தட்ட ஒரே நீளம். எங்கள் வீட்டைத் தாண்டி விமானம் ஓடத் தொடங்கும்போதெல்லாம் எனக்கு அது நினைவுக்கு வரும்.

2017 ஜூலை 21, வடக்கு அயர்லாந்தின் பெல்ஃபாஸ்ட். போயிங் 737. வெளியே 16 டிகிரி. கம்ப்யூட்டரில் மைனஸ் 52 என்று போடப்பட்டது. அவ்வளவு குளிர்ந்த காற்று மிக அடர்த்தியானது; விசிறி மெதுவாகச் சுற்றினாலே போதிய விசை கிடைத்துவிடும் என்று கம்ப்யூட்டர் கணக்குப் போட்டு, என்-1 எண்ணைக் குறைத்துக் கொடுத்தது. வேண்டியது 92 சதவீதத்துக்கு மேல். கிடைத்தது சுமார் 81. விமானம் ஓடுபாதையின் கடைசியில்தான் எழுந்தது. முனைக்கு அப்பால் இருந்த ஒரு விளக்கில் சக்கரம் பட்டது. அதிர்ச்சியான பகுதி இதற்குப் பிறகு வருகிறது. முழு விசை தரும் லீவர் கையருகே இருந்தும், ஓடுபாதை முடிந்து சுமார் 4 கிலோமீட்டர் போன பிறகுதான் அது தள்ளப்பட்டது. அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. திரையில் எண்ணும் எண்ணும் ஒத்துப்போகும்போது, என்ஜின் பலவீனமாக இருக்கிறது என்று மனம் எப்படி நினைக்கும்?

மூன்றாவது, இவற்றில் மிகப் பழையது. 1982 ஜனவரி 13, வாஷிங்டன், கடும் பனி. ஏர் ஃப்ளோரிடாவின் போயிங் 737. இங்கே கணக்கில் தப்பில்லை. எண் சரியான எண். தப்பு அளக்கும் கருவியில். என்ஜினின் முகப்பில் இருந்த அழுத்த உணரி பனியில் அடைத்துக்கொண்டது. அதைச் சூடாக்கும் என்ஜின் பனித்தடுப்பு இயக்கப்படவில்லை. ஈ.பி.ஆர். முள் 2.04 என்று காட்டியது. என்ஜின் உண்மையில் கொடுத்தது சுமார் 1.70. ஓட்டம் தொடங்கிய சில நொடிகளிலேயே கோ-பைலட்டுக்கு ஏதோ சரியில்லை என்று பட்டுவிட்டது. ஒருமுறைக்கு மேல் வாய்விட்டுச் சொன்னார். ஓட்டம் நிறுத்தப்படவில்லை. விமானம் எழுந்து, பாலத்தில் மோதி, உறைந்த பொட்டோமாக் ஆற்றில் விழுந்தது. பாலத்தில் காரில் இருந்த 4 பேரையும் சேர்த்து 78 பேர் இறந்தார்கள். பக்கத்தில் இருந்த மற்ற முட்கள், என்-1 உட்பட, குறைவான விசையைத்தான் காட்டிக்கொண்டிருந்தன.

மூன்றையும் அடுத்தடுத்து வைத்துப் பார்த்தால் ஒன்று தெளிவாகிறது. "த்ரஸ்ட் செட்" என்பது, கேட்ட எண்ணும் கிடைத்த எண்ணும் ஒன்று என்பதற்கு மட்டும்தான் சாட்சி. கேட்டது சரியா என்பதற்கும், காட்டுவது நிஜமா என்பதற்கும் அது சாட்சி இல்லை. இந்த மூன்றுக்கும் பொதுவாக உண்மையைச் சொல்லிக்கொண்டிருந்தது ஒன்றே ஒன்றுதான்: வேகம் ஏறும் விதம். விமானம் மந்தமாக ஓடிக்கொண்டிருந்தது. அதை அளந்து சொல்ல அங்கே ஆளும் இல்லை, கருவியும் இல்லை.

"சின்ன விமானத்துல கத்துக்கும்போது இதுக்கு ஒரு கணக்கு சொல்லிக் கொடுப்பாங்க மாமா" என்றான் அவன். ஓடுபாதையில் பாதி தூரம் போகும்போது, எழும்ப வேண்டிய வேகத்தில் 70 சதவீதம் வந்திருக்க வேண்டும். வரவில்லையென்றால் விசையை மூடி, நிறுத்திவிடு. செஸ்னா மாதிரி பிஸ்டன் என்ஜின் விமானத்தில் கிளம்பும் முன் நின்ற இடத்தில் பிரேக்கைப் பிடித்து, என்ஜினை 1,700 சுற்றுக்கு ஏற்றி, எரிபொருளைப் பற்றவைக்கும் தீப்பொறிக்கு மின்சாரம் தரும் இரண்டு மேக்னெட்டோவையும் தனித்தனியே சோதித்துவிட்டுத்தான் ஓடுபாதைக்குள் நுழைவார்கள். 1930-இல் தொடங்கிய மெட்ராஸ் ஃப்ளையிங் கிளப்பின் காலத்திலிருந்து மீனம்பாக்கத்துக்கு அந்தச் சத்தமும் பழக்கம்தான். அங்கே என்ஜினைச் சோதிக்கிறார்கள், ஓட்டத்தையும் சோதிக்கிறார்கள். பெரிய விமானத்தில் இரண்டாவது சோதனைக்கு வழக்கமான செயல்முறை கிடையாது. 80 நாட், 100 நாட் என்று வேகத்தைச் சொல்கிறார்கள்; அந்த வேகம் எத்தனை மீட்டரில் வந்தது என்று யாரும் சொல்வதில்லை.

காற்று விஷயமும் இதோடு சேர்ந்ததுதான். சென்னையில் கோடைக் காலையில் மேற்கிலிருந்து காற்று; மதியம் கடற்காற்று உள்ளே வந்ததும் திசை மாறும். அந்த மாறும் நேரத்தில் பின்காற்றோ பலமான பக்கக்காற்றோ சிக்கினால், பாதி விசை, பிறகு முழு விசை என்ற இரண்டு கட்டமும் போதாது. ஏ320 விமானத்தில் பின்காற்று இருந்தாலோ, பக்கக்காற்று 20 நாட்டுக்கு மேல் போனாலோ, 50 சதவீதம், பிறகு 70, அங்கிருந்து படிப்படியாக ஏற்றி, விமானம் 40 நாட் வேகம் பிடிக்கும்போதுதான் முழுதாகக் கொண்டுவர வேண்டும். பக்கவாட்டில் வரும் காற்று என்ஜின் வாயில் ஒரு பக்கம் மட்டும் மோதி விசிறியைத் திணற வைக்கும். விமானம் முன்னே ஓட ஓடத்தான் காற்று நேராக உள்ளே போகும். இப்படி விசை தாமதமாக ஏறும் நாளில், ஓட்டம் மந்தமாக இருப்பது இயல்பா, கோளாறா என்று உடம்பால் உணர்ந்து சொல்வது இன்னும் கஷ்டம். இரவில், மழையில், பக்கத்து விளக்குகள் மங்கலாகத் தெரியும்போது யாராலும் முடியாது.

பெல்ஃபாஸ்ட் சம்பவத்தை விசாரித்த பிரிட்டிஷ் அதிகாரிகள், கிளம்பும் ஓட்டத்தின் முடுக்கத்தைத் தானாகக் கண்காணிக்கும் கருவிக்குத் தரநிலை உருவாக்க வேண்டும் என்று பரிந்துரைத்தார்கள். ஏர்பஸ் தன் ஏ350 விமானத்தில் அப்படி ஒன்றைக் கொண்டுவந்துவிட்டது: எதிர்பார்த்த முடுக்கமும் நிஜ முடுக்கமும் பொருந்தாவிட்டால், இன்னும் நிறுத்த முடிகிற வேகத்திலேயே எச்சரிக்கை கொடுக்கும். விமானத்துக்குள் இதற்கு வேண்டிய எல்லா அளவும் ஏற்கெனவே இருக்கிறது. எடை, வேகம், ஓடுபாதையில் எந்த இடத்தில் இருக்கிறோம் என்பது எல்லாமே கம்ப்யூட்டருக்குத் தெரியும். சேர்த்துப் பார்க்கச் சொல்ல வேண்டியது மட்டும்தான் பாக்கி.

மீனம்பாக்கத்திலிருந்து நாள் முழுக்கக் கிளம்புபவற்றில் பெரும்பாலானவை ஏ320 குடும்பத்து விமானங்கள். டெல்லிக்கும் சிங்கப்பூருக்கும் நாம் பெரும்பாலும் போவது அவற்றில்தான். அவற்றில் இந்தக் கண்காணிப்பு கட்டாயமாக வர வேண்டும் என்பது என் விருப்பம், கோரிக்கை என்றே வைத்துக்கொள்ளுங்கள். அதுவரை எடையையும் வெப்பநிலையையும் இரண்டு பைலட்டும் தனித்தனியே கணக்குப் போட்டு, முடிவை ஒப்பிட்டுப் பார்ப்பதுதான் நமக்கு இருக்கும் காவல். அக்கா மகன் அந்த வேலையை எப்படிச் செய்கிறான் என்று கேட்டேன். கேப்டன் போட்ட எண்ணைப் பார்க்காமல் முதலில் தன் கணக்கைப் போட்டு முடிப்பானாம். இரண்டும் ஒன்றாக வந்த பிறகும், இந்த எடைக்கு, இந்த வெயிலுக்கு நேற்றும் முந்தாநாளும் வந்த எண்ணோடு இது ஒட்டி வருகிறதா என்று மனதுக்குள் ஒருமுறை பார்ப்பானாம். ஒட்டி வரவில்லையென்றால், புறப்பாடு தாமதமானாலும் பரவாயில்லை என்று கேப்டனிடம் சொல்லி, இரண்டு பேரும் முதலிலிருந்து போடுவார்களாம்.